சிறுத்தை விட்டுப்போன கண்ணி

ஒரு காட்டில் ஒரு கிழச் சிறுத்தை செத்துப்போனது. அதற்காக அழ ஆளில்லை, பிள்ளைகளே. ஆனால் அதன் குகையில் இருந்ததைக் கேட்க ஆள் இருந்தது.

குகைச் சுவரோரம் பன்றித் தந்தங்கள், முள்ளம்பன்றி முட்கள், நடுவில் வளைந்த ஒரு காட்டெருமைக் கொம்பு. எல்லாம் சிறுத்தை இளமையில் வேட்டையாடிச் சேர்த்தவை. பக்கத்தில் ஒரு கயிற்றுக் கண்ணி. எப்போதோ ஒரு வேடன் பயந்து போட்டுவிட்டு ஓடியது. பல் ஆடத் தொடங்கிய பிறகு சிறுத்தை அந்தக் கண்ணியை வைத்துத்தான் வயிறு கழுவி வந்தது. கண்ணி இருந்தால் பல் வேண்டாம், வேகம் வேண்டாம். வழியில் விரித்துவிட்டுப் படுத்துக்கொண்டால் போதும்.

அதனால்தான் நரி அதைக் கேட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பிள்ளையில்லாமல் செத்த வேட்டைக்காரனின் உடைமை, அவனோடு சேர்ந்து வேட்டையாடியவனுக்குப் போகும். கேட்பவன் எல்லோரும் கூடியிருக்க, குகையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டு, "இதில் என் பங்கு இது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மறுக்க ஆளில்லாவிட்டால் சொன்னதுதான் உண்மை. வழக்கைக் கேட்பது உடும்பு. பிடித்த பாறையை விடாதது போலவே அது பிடித்த வழக்கத்தையும் விடாது.

எதிரே இலுப்பை மரத்தில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. மரத்தடிப் புதரில் ஒரு புள்ளிமான் அன்று காலைதான் குட்டி போட்டிருந்தது. குட்டிக்கு இன்னும் நிற்கக் கால் கூடவில்லை. நரி வரும் வழியில் அந்தப் புதரை மோந்து பார்த்தது. தாய்மான் குளம்பை ஓங்கியதும் பணிவாக விலகிக்கொண்டது.

"அவசரமில்லை அக்கா. உச்சிவெயிலுக்குள் கண்ணியோடு வருகிறேன்."

கரிச்சான் குகை வாசலுக்குப் பறந்தது. "உடும்பையா, எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடச் சொல்லித்தான் சிறுத்தை செத்தது."

"யாரிடம் சொன்னது?"

"என்னிடம்."

கூட்டம் சிரித்தது. அந்தக் காட்டில் கரிச்சான் ஏமாற்றாத காது இல்லை. குரங்கின் குரலில் முயலைத் திட்டும், முயலின் குரலில் குரங்கிடம் மன்னிப்புக் கேட்கும். முந்தின நாள்தான் உடும்பின் பெண்டாட்டி குரலில், "சாப்பாடு ஆறிப்போகுது, வாங்க" என்று கூப்பிட்டு, உடும்பைப் பாதி மலை இறக்கியிருந்தது.

"உன் வாய் சாட்சியில் சேராது," என்றது உடும்பு.

பதற்றத்தில் கரிச்சான் ஒரு மடத்தனம் செய்தது. குகையின் மேல் பாறையில் ஒளிந்துகொண்டு, செத்துப்போன சிறுத்தையின் குரலில், "நரி பொய்யன்" என்று உறுமியது.

கூட்டம் வெலவெலத்துப் போனது. நரி மட்டும் காதைச் சொறிந்துகொண்டது.

"பெரியவர் மூன்று நாளாகக் கழுகு வயிற்றில் இருக்கிறார். தம்பி கரிச்சான், பாறைக்கு வெளியே வால் தொங்குகிறது, உள்ளே இழுத்துக்கொள்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "இனி எந்தச் சத்தம் கேட்டாலும் நான் திரும்ப மாட்டேன். எல்லாம் இந்தப் பயல்தான்."

நரி தந்தங்களைத் தொட்டது. "இந்தப் பன்றியைப் பள்ளத்தில் மடக்கியது நான்."

"மறுப்பவர் உண்டா?"

நரி எச்சில் எலும்புக்கு அலைந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாளைக்குக் கண்ணி வைக்கப்போகிறவனை இன்றைக்கு யார் பகைப்பது? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கரிச்சான் ஓடைக்குப் பறந்தது. அங்கே காட்டெருமை சேற்றில் கிடந்தது. குகையில் இருந்தது அதன் அண்ணனின் கொம்பு.

"எருமையக்கா, எழுந்து வா. உன் அண்ணன் கொம்பை நரி கேட்கிறது."

"போடா. போன வாரம் என் கன்று குரலில் அலறி, என்னை முள்ளுக்குள் இறக்கினவன் நீ."

உண்மை எடுபடவில்லை. கரிச்சானுக்குத் தெரிந்தது இன்னொரு தொழில்தான். ஓடையில் தண்ணீர் குடிக்க வந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, காட்டெருமையின் சொந்தக் குரலிலேயே, அது தன் கன்றைக் கொஞ்சுவது போலக் கொஞ்சத் தொடங்கியது: "என் கருப்பட்டிக் கட்டி, அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு. மூக்கை நக்கிட்டுக் குடு."

காட்டெருமையின் கண் சிவந்தது. "இன்று உன் வாலைப் பிடுங்காமல் விடுவதில்லை," என்று சேற்றோடு எழுந்தது. கரிச்சான் தாழப் பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முத்தம் கேட்டது.

அவை குகைக்கு வந்தபோது நரி முட்களையும் தொட்டுப் பங்கு சொல்லி முடித்திருந்தது. நரி வாசலுக்கு முதுகைக் காட்டியபடி கொம்பின் மேல் கால் வைத்திருந்தது. காட்டெருமையைக் கண்ட கூட்டம் ஓசையில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. காட்டெருமை கொம்பைப் பார்த்தது. அதன் மூக்கு சீறியது.

நரி திரும்பவில்லை. "பரவாயில்லை தம்பி. ஆனால் எருமை மூச்சுக்கு இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும்."

கரிச்சான் வாயைத் திறக்கவில்லை. முட்டையை விட்டு வந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை.

உடும்பும் பார்த்துவிட்டது. ஆனால் கேட்பவனை நடுவில் எச்சரிக்க வழக்கத்தில் இடமில்லை. "இந்தக் கொம்பில் உன் பங்கு?"

"பெரும்பங்கு. சிறுத்தைக்குக் கழுத்து எட்டவில்லை. பின்னங்கால் நரம்பைக் கடித்துச் சாய்த்தது நான். விழுந்து கன்றுக்குட்டி மாதிரி அழுதது."

"மறுப்பவர் உண்டா?"

நரியின் முதுகில் சுடச்சுட ஒரு மூச்சு விழுந்தது. கரிச்சானால் யார் குரலையும் கொண்டுவர முடியும். மூச்சின் சூட்டைக் கொண்டுவர முடியாது. அது நரிக்கும் தெரியும். அதன் வால் மெல்லக் காலுக்குள் போனது.

"நான் மறுக்கவில்லை," என்றது காட்டெருமை. "என் அண்ணனைக் கொன்றவன் தானாகச் செத்துவிட்டானே என்று ஆறாமல் கிடந்தேன். ஒருவன் மிச்சம் இருக்கிறான்."

"அக்கா, நான் வேட்டைக்கே போனதில்லை. எல்லாம் முடிந்த பிறகு எலும்பு நக்கப் போனவன்."

"உரக்கச் சொல்," என்றது உடும்பு. "எல்லோருக்கும் கேட்க வேண்டும்."

"எலும்பு நக்கப் போனவன்," என்று ஊளையிட்டபடியே நரி காட்டெருமையின் கால்களுக்கிடையே பாய்ந்தது. தலை தப்பியது. தொடை கொம்புக்குத் தப்பவில்லை. ரத்தம் ஒழுக மூன்று காலில் ஓடியது.

"கேட்டவனே மறுத்துவிட்டான்," என்றது உடும்பு. "வாரிசில்லாத பொருள் ஆற்றுக்கு."

காட்டெருமை அண்ணனின் கொம்பைத் தானே தள்ளிக்கொண்டு போனது. கண்ணியும் மற்றதும் பின்னாலேயே போய்ச் சுழலில் மூழ்கின. இலுப்பையடியில் மான்குட்டி நான்கு காலையும் பரப்பி எழுந்து நின்றது.

திரும்பி வந்த காட்டெருமை மரத்தை அண்ணாந்து பார்த்தது. "உன் வால் இன்னும் பாக்கி."

"நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் அக்கா," என்ற கரிச்சான், மலைப்பக்கம் திரும்பி, காட்டெருமையின் குரலில் ஒரு சீறல் விட்டது. மலைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த நரி, அது யாருடைய குரல் என்று நின்று பார்க்கவில்லை.

நீதி: செய்யாத செயலுக்குப் பெயர் கேட்பவன், அதன் பகையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான்.