சுள்ளித்தீவு முட்டைக் காவல்

சுள்ளித்தீவின் ஒரு கரையில் நின்று இருமினால் மறுகரையில் நிற்பவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் அகலம். குடியிருப்பவர் யாரும் இல்லை. கோடை பிறந்தால் ஆலாப் பறவைகள் வந்து வெறும் மணலில் முட்டையிடும். போன வருஷம் படகில் உல்லாசமாக வந்த ஒரு கூட்டம் அங்கே பந்து விளையாடி, முட்டைகளை எல்லாம் மிதித்துவிட்டது. ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. இந்த வருஷமும் அப்படி ஆனால் ஆலாக்கள் இந்தப் பக்கமே வராது என்று வனச்சரகர் அமுதவல்லிக்குக் கவலை.

காவலுக்கு எதிர்க்கரை ஊரிலிருந்து மூன்று பேர் கிடைத்தார்கள். மூத்தவர் தொம்மை. அவருடைய தம்பி கஸ்பார். தொம்மையின் மனைவிக்குத் தம்பி சந்தியாகு. மூவரும் நல்லவர்கள். சொன்ன சொல்லை ஓர் எழுத்துக்கூட மீற மாட்டார்கள். சிக்கலே அதுதான்.

"அண்ணாச்சி, மூணே விஷயம்தான்," என்றார் அமுதவல்லி. "இங்க நாற்பத்து மூணு முட்டை இருக்கு. ஒண்ணுகூடக் குறையக் கூடாது, கையும் படக் கூடாது. நீங்க யாருன்னு பறவைக்குத் தெரியாத மாதிரி ஒதுங்கியே இருங்க. முக்கியமா, வெளியிலிருந்து வந்தது எதுவும் தீவில இருக்கக் கூடாது. மூணு வாரத்தில வர்றேன்."

அவருடைய படகு கண்ணுக்கு மறைந்ததும் தொம்மை கூட்டம் கூட்டினார்.

"நாம யாருன்னு பறவைக்குத் தெரியக் கூடாதாம். என்ன செய்யலாம்?"

"முகத்தை மூடிக்கிடுவோம்," என்றார் கஸ்பார்.

அரிசிச் சாக்கு மூன்றைக் காலி செய்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். ஆலாக்கள் அவர்களைக் கூர்ந்து பார்த்தன. அடையாளம் தெரியவில்லை என்பது அவற்றின் பார்வையிலேயே தெரிந்தது.

அடுத்து, வெளியிலிருந்து வந்தவற்றை அப்புறப்படுத்தும் வேலை. சீமைக் கருவேலங்கன்றுகளை ஒன்று விடாமல் பிடுங்கினார்கள். அமுதவல்லி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிறகு சந்தியாகுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அத்தான், இந்த அரிசி எந்த ஊரு?"

"நம்ம ஊருக் கடையில வாங்கினது."

"அப்ப வெளியூருதான."

அரிசி, பானை, தண்ணீர்க் கேன் எல்லாம் அவர்கள் வந்த படகுக்குத் திரும்பிப் போயின. படகைக் கொஞ்சம் தள்ளி நங்கூரமிட்டார்கள். அடுத்த சந்தேகம் கஸ்பாருடையது.

"அண்ணே, இந்த ஆலாவெல்லாம் எங்கிருந்தோ பறந்து வந்ததுன்னு மேடம் சொன்னாங்களே. அதையும் துரத்தணுமோ?"

மூவரும் சாக்குக்குள்ளேயே நெடுநேரம் யோசித்தார்கள். அந்த நேரத்தில் தீவின் கதி அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு கம்பைக்கூட கஸ்பார் எடுத்துவிட்டார்.

கடைசியில் தொம்மை தீர்ப்புச் சொன்னார். "முட்டை இந்த மண்ணுல பிறந்தது, அதனால உள்ளூரு. பிள்ளையப் பாக்க வந்த தாயை விரட்டுறது மரியாதை இல்லலே."

கம்பு கீழே போனது. ஆனால் சந்தியாகு முகம் தெளியவில்லை. சாக்கு அசைந்த விதத்தில் அது தெரிந்தது.

"அத்தான், நாம எங்க பிறந்தோம்?"

தொம்மை திடுக்கிட்டார். மூவருமே எதிர்க்கரையில் பிறந்தவர்கள். இத்தனை நேரமும் தீவில் இருக்கக் கூடாதவர்கள் தீவில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு மூவரும் கடலுக்குள் இறங்கினார்கள். அன்று முதல் காவல் இடுப்பளவு தண்ணீரில்தான். சாப்பாடும் தூக்கமும் படகில். முட்டை எண்ணுவதற்கு மட்டும், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் பந்தும் பாட்டுப்பெட்டியுமாக உல்லாசப் படகு வந்தது. கரையை நெருங்கும்போது கடலிலிருந்து மூன்று சாக்குகள் எழுந்து நின்றன. நடுச்சாக்கு பேசியது. "ஐயா, நீங்க இந்த மண்ணுல பிறந்தவங்களா?"

படகுக்காரர் படகைத் திருப்பினார். திரும்பிய வேகத்தில் பந்து தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக்கூட யாரும் நிற்கவில்லை.

"இல்லேன்னு வாயால சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்று வருத்தப்பட்டார் தொம்மை.

மூன்றாவது வாரம்தான் விபரீதம் நடந்தது. எண்ணப் போன கஸ்பார், சந்தியாகுவின் தோளில் நின்றபடியே கத்தினார்.

"அண்ணே, முப்பத்தாறுதான் இருக்கு."

மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் ஒன்பது. தொம்மைக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் தீவில் ஏறி விசாரித்தார்கள். முட்டை இருந்த குழிகளில் உடைந்த ஓடு கிடந்தது. பக்கத்திலேயே, புள்ளி புள்ளியாக, பஞ்சுபோல ஒரு சின்னப் பயல். முட்டை காணாமல் போன எல்லாக் குழியிலும் அதே கதை.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான்," என்றார் சந்தியாகு.

"வாயைப் பாரு, மீன் செதில் ஒட்டியிருக்கு. முட்டையும் தின்னுட்டு மீனும் தின்னிருக்கான்," என்றார் கஸ்பார்.

கை படக் கூடாது என்பதால் ஒவ்வொருவனைச் சுற்றியும் மணலில் ஒரு வட்டம் கிழித்து, மேடம் வரும்வரை தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆபத்து என்றால் ஆடாமல் அசையாமல் பதுங்குவது ஆலாக் குஞ்சின் வழக்கம். குற்றவாளிகள் அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். தாய்ப்பறவைகள் மட்டும் மேலிருந்து பாய்ந்து காவலர்களின் தலையில் கொத்தின.

"அதுகளுக்கு ஆத்திரம் இருக்கத்தான் செய்யும்," என்றார் தொம்மை. "நம்பி விட்டுட்டுப் போன முட்டையாச்சே."

அமுதவல்லி வந்து இறங்கினார். மூவரும் தண்ணீரில் முழங்காலிட்டார்கள். அலை கழுத்துவரை வந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். ரெண்டே ரெண்டு முட்டையைத்தான் காப்பாத்த முடிஞ்சுது."

அவர் ஓடிப் போய்ப் பார்த்தார். வட்டத்துக்கு ஒன்றாக நாற்பத்தொரு குஞ்சுகள். மிச்சம் இரண்டும் கூமுட்டை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, இதெல்லாம் திருடன் இல்ல. குஞ்சு. முட்டைக்குள்ள இருந்துதான் வந்திருக்கு."

மூவரும் சாக்கைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொம்மையின் முகம் முன்பைவிட வாடியது.

"வெளிய வந்தது சரி மேடம். உள்ள எப்பப் போனாங்க? நாங்க இமைக்காம இருந்தோம். ஒருத்தனும் போகலையே."

அமுதவல்லி என்ன விளக்கியும் தொம்மைக்கு மனம் ஆறவில்லை. கடமை தவறியதை மறைப்பது முறையல்ல என்று படகில் உட்கார்ந்து, அலுவலகத்துக்குத் தன் கைப்பட ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் முதல் வரி இது:

"பொருள்: நாற்பத்தொரு முட்டைகளுக்குள் நாற்பத்தொரு பேர் அனுமதியின்றி நுழைந்தது, மேலும் இரண்டு முட்டைகளுக்குள் நுழைந்தவர்கள் இன்னும் வெளியே வர மறுப்பது தொடர்பாக."