கலக்கினார் தலைவர்

மூங்கில் காட்டுக் குளத்தில் தண்ணீர் இருந்தது. ஆனால் குடிக்க முடியவில்லை.

அந்தக் காட்டுக்குத் தலைவன் ஓர் எருமை. பெயர் மலைமேனி. கோடையில் ஓடைகள் வற்றிப்போய், மிச்சம் இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான். விடிந்ததும் மலைமேனி அதில் இறங்குவான். புரளுவான், உருளுவான், அடிச்சேற்றையெல்லாம் மேலே கொண்டு வருவான். பொழுது சாய்ந்தால்தான் எழுவான். மற்ற மிருகங்கள் வந்து பார்த்தால் குளம் நிறையக் குழம்பு.

அவனுக்கு ஒரு நரி மந்திரி. பெயர் தளுக்கன். தளுக்கனுக்குத் தெரிந்த பாராட்டு ஒன்றே ஒன்று. தலைவன் தலையை ஆட்டினால், "கலக்கிட்டீங்க தலைவரே" என்பான். தும்மினால், "கலக்கல் தும்மல்" என்பான். கேட்டுக் கேட்டு, காடு முழுக்க அதையே சொல்லப் பழகிவிட்டது.

ஆமை மட்டும் ஒரு நாள் நேராகச் சொன்னது. "தலைவரே, தண்ணி கலங்குது. கொஞ்சம் கரையேறினா நல்லாருக்கும்."

மலைமேனி காலால் ஒரு தள்ளு தள்ளினான். ஆமை முட்புதரில் போய் மல்லாந்து விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மலைமேனியின் முதுகில் எப்போதும் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். பெயர் கத்தரிவாலன். எருமையைச் சுற்றுகிற ஈயும் பூச்சியும்தான் அவனுக்குச் சாப்பாடு. பாட்டுக் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

செம்மி என்ற பெண்மான் அவனிடம் வந்தது.

"அண்ணே, என் குட்டி எழுந்து நிக்க மாட்டேங்குது. சேத்துத் தண்ணி குடிச்சு வயித்தால போகுது. நீ அவர் முதுகு மேலயே இருக்க. ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஆமை சொல்லிச்சே, என்ன ஆச்சு?"

"அதுவும் சரிதான். எங்களுக்குத் தண்ணி அங்கே. உனக்குச் சோறு அங்கே. பாவம், உன் கஷ்டம் பெருசு."

மான் போய்விட்டது. அன்று கத்தரிவாலனுக்கு எந்தப் பூச்சியும் தொண்டையில் இறங்கவில்லை.

மாலையில் கூட்டுக்குப் போய் ஒரு பாட்டுக் கட்டினான். மலைமேனிக்கு ஒரு கொம்பு பாதி உடைந்திருக்கும். அதைப் பற்றிய கேலிப் பாட்டு. மனைவி நீலியிடம் பாடிக் காட்டினான். நீலி சிரிக்கவில்லை.

"ஏங்க, கொம்பு உடைஞ்சதாலயா தண்ணி கலங்குது?"

"இல்லை. ஆனா காடே விழுந்து விழுந்து சிரிக்கும்."

"சிரிக்கும். அது உங்களுக்கு வேணும். மான்குட்டிக்கு என்ன வேணும்?"

கத்தரிவாலன் பாட்டை மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான். தனக்குத் தண்ணீர் மேல் அக்கறையா, கைதட்டல் மேல் ஆசையா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. கொம்புப் பாட்டை அப்படியே விட்டுவிட்டான். குளத்தை மட்டும் நினைத்துக்கொண்டு வேறு ஒன்று கட்டினான்.

மறுநாள் தலைவர் திருநாள். அன்று ஒரு புகழ்ப்பாட்டு அரங்கேறும். தலைவருக்குப் பிடித்துவிட்டால், தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொருவரும் அடுத்த திருநாள் வரை அதைப் பாடிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம்.

கத்தரிவாலன் வாலைப் பிரித்து நின்று பாடினான்.

"காலையில் இறங்கிக் கலக்கினார் தலைவர்,
மாலையில் எழும்வரை கலக்கினார் தலைவர்!
மீனுக்கும் கண்ணில்லை, மானுக்கும் நீரில்லை,
ஆனாலும் அடடா, கலக்கினார் தலைவர்!"

கூட்டத்தில் முயல்தான் முதலில் சிரித்தது. பிறகு மயில். பிறகு எல்லோரும்.

"ஏன்டா தளுக்கா, எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றான் மலைமேனி.

நரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? 'கலக்கு' என்றால் சேறாக்குவது என்று சொன்னால், இத்தனை காலம் தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று தலைவர் கேட்பாரே?

"சந்தோஷத்துல சிரிக்கிறாங்க தலைவரே. உங்களைப் புகழுற பாட்டு."

"அப்படின்னா தினமும் பாடட்டும்."

காடு பாடியது. முயல் பாடிவிட்டுக் குடித்தது. பன்றி பாடிவிட்டுக் குடித்தது. புதரிலிருந்து ஊர்ந்து வந்த ஆமை, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பாடியது. கத்தரிவாலனுக்கு மட்டும் ஒரு கவலை. குட்டு உடைந்தால் தான் பறந்துவிடலாம். மானால் பறக்க முடியுமா?

குட்டு உடைந்தது. சேற்றில் கிடந்தபடி அந்தப் பாட்டையே கேட்டுக் கேட்டு மலைமேனிக்கு மூன்றாவது அடி உறுத்த ஆரம்பித்தது.

"குருவி, மானுக்கு ஏன் நீரில்லை? நான்தான் கலக்குறேனே?"

"அதனாலதான் இல்லை தலைவரே."

சொல்லி முடிப்பதற்குள் எருமை உடம்பை உதறியது. கத்தரிவாலன் ஆகாயத்தில் இருந்தான். மலைமேனி காடே அதிர முக்காரம் போட்டுக் கத்தினான். தளுக்கன் அவசர அவசரமாக ஒரு மேட்டில் ஏறி அறிவித்தான்: "இனிமேல் இந்தக் காட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் தண்ணீர் கிடையாது."

"எந்தச் சொல்லை?" என்று அப்பாவியாகக் கேட்டது முயல்.

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்றேனே!"

மறுநாள் காலையில் மிருகங்கள் வரிசையாக வந்தன. வழக்கத்தை மீறவில்லை. ஆணையையும் மீறவில்லை.

"காலையில் இறங்கி… ம்ம்ம்… தலைவர்" என்று பாடியது முயல்.

"மாலையில் எழும்வரை…" என்று தொடங்கிய பன்றி, வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி, "தலைவர்" என்று முடித்தது.

கரையெல்லாம் கொல்லென்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து மலைமேனிக்குத் தும்மல் வந்தது.

"கலக்…" என்று தொடங்கிய தளுக்கன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த நாக்கோடு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் எதுவும் சொல்லலையே. எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கத்தினான் மலைமேனி.

கூட்டத்திலிருந்து செம்மி முன்னால் வந்தது. "நாங்க சொல்லலை தலைவரே. நீங்கதான் செஞ்சுட்டு இருக்கீங்க."

மலைமேனி அதை முட்ட நினைத்துக் காலை எடுத்து வைத்தான். சேறு எழுந்தது. சேறு எழுந்ததும் சிரிப்பு எழுந்தது. காலைப் பின்னால் வைத்தான். மறுபடி சேறு, மறுபடி சிரிப்பு. அசையாமல் நின்று பார்த்தான். காதில் ஈ கடித்தது. வாலைச் சுழற்றினான். கரை முழுக்கக் குலுங்கியது. முட்புதரில் தள்ளுவதென்றால் யாரைத் தள்ளுவது? காட்டையே அல்லவா தள்ள வேண்டும்!

அவன் கீழே பார்த்தான். இத்தனை நாள் படுத்துக் கிடந்தவன், அன்றுதான் அந்தத் தண்ணீரைப் பார்த்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்லக் கரையேறினான். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. அதில் போய் விழுந்து புரண்டான். யாரும் சிரிக்கவில்லை. அங்கே அவன் புரள்வதில் யாருக்கும் நஷ்டமில்லையே.

குளம் தெளிய ஒரு பகல் ஆயிற்று. செம்மி தன் குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது. குட்டி வயிறு நிறையக் குடித்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் ஒரு துள்ளு துள்ளி, கால் தடுக்கி விழுந்து, எழுந்து மறுபடி துள்ளியது. காடே ஆரவாரம் செய்தது. மயில்கள் அகவின, தவளைகள் தாளம் போட்டன. நாணல் நுனியில் ஆடிக்கொண்டிருந்த கத்தரிவாலன், அத்தனை கூச்சலிலும் குட்டி தண்ணீர் உறிஞ்சிய சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆளின் குறையைப் பார்த்துச் சிரிப்பது அற்பம். ஊரைக் கெடுக்கும் குற்றத்தைப் பார்த்து ஊரே சேர்ந்து சிரித்தால், எத்தனை பெரிய ஆளும் கரையேறித்தான் ஆக வேண்டும்.