வெண்கலப் பசுவை முட்டிய கன்று

அந்தக் காலத்தில், ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கிரேக்க நாட்டில் லிகோன் என்றொரு சிற்பி இருந்தான். அவன் வார்த்த வெண்கலப் பசு ஊர்ச் சந்தையில் நின்றது. அசல் பசுவேதான். மாட்டு ஈ கூட ஏமாந்துபோய் அதன் முதுகில் உட்காரும். லிகோனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் தாயை இழந்த கன்று ஒன்று வந்து அந்தப் பசுவின் மடியில் வாய் வைத்தது. வெயில் பட்டு வெண்கலம் கதகதப்பாக இருந்தது. அம்மா கிடைத்துவிட்டாள் என்று அது நம்பிவிட்டது, பாவம். இரண்டு நாளாயிற்று. பால் வரவில்லை, கன்றும் நகரவில்லை.

"கன்றையே ஏமாத்திட்டானே, கெட்டிக்காரன்!" என்று ஊரார் கைதட்டினார்கள். ஒட்டிப்போன அதன் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. கன்றுக்குச் சொந்தக்காரி மெலிட்டா மட்டும் சிற்பியிடம் ஓடினாள்.

"ஐயா, வீட்டுல இன்னொரு பசு, செவலை, இதுக்குப் பால் கொடுக்கத் தயாரா நிக்குது. இது வரமாட்டேங்குது. சிலையைச் செஞ்ச நீங்க சொன்னா கேட்கும்."

லிகோன் வந்து கன்றின் அருகே குனிந்தான். "கண்ணு, இது உன் அம்மா இல்ல. நான் செஞ்ச சிலை."

"பொய்," என்றது கன்று. குரலே எழும்பவில்லை. "அம்மாவுக்கு என்மேல கோபம். கோபம் தீர்ந்தா பால் கொடுப்பாங்க."

லிகோன் தன் கைத்திறனை அன்றுதான் முதன்முதலாக வெறுத்தான்.

சிலையை வார்த்து முடித்ததும் தட்டிப் பார்த்து ஓசை கேட்பது அவன் வழக்கம். பட்டறைக்குள் மட்டும் செய்கிற அந்தக் காரியத்தை இன்று ஊரார் முன்னால் செய்யத் துணிந்தான்.

"சரி, நெற்றியால மடியை ஒரு முட்டு முட்டிப் பாரு."

"அம்மாவுக்கு வலிக்குமே?"

"அம்மாவா இருந்தா பொறுத்துக்குவா."

கன்று முட்டியது. டங்! வெறும் குடத்தைத் தட்டினாற்போல் கேட்டது. "உள்ள ஒண்ணுமே இல்ல," என்று லிகோனே உரக்கச் சொன்னான். கன்று விம்மி விம்மி அழுதது. அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மெலிட்டாவின் தொழுவத்துக்கு நடந்தான்.

அங்கே செவலையின் மடியையும் கன்று பயந்து பயந்து முட்டியது. ஓசை வரவில்லை. மெத்தென்று இருந்தது. செவலை வலியைப் பொறுத்துக்கொண்டு கன்றின் முதுகை நக்கியது. பால் சுரந்தது.

பிற்பாடு லத்தீன் புலவர்கள் அந்த வெண்கலப் பசுவைப் புகழ்ந்து பாடினார்கள். கன்றை ஒருவரும் பாடவில்லை. அன்று முதல்தான், எந்தக் கன்றும் மடியை முட்டிப் பார்த்துப் பால் குடிக்கிறது. எந்தத் தாயும் அதைப் பொறுத்துக்கொள்கிறது.