சூடு காட்டும் முள்

காரின் வேகமானி வேகத்தைக் காட்டுகிறது என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்பிவருகிறார்கள். மனித குலத்தின் இந்தப் பெரும் பிழையை இனியும் விட்டுவைக்க முடியாது. வேகமானி வேகத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. அடியில் ஒரு கம்பி எவ்வளவு அவசரமாகச் சுழல்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பெட்ரோல் முள்ளும் பெட்ரோலைப் பார்த்ததில்லை. டாங்கிக்குள் கிடக்கும் மிதவை சொல்லி அனுப்புவதை அது மேலே இருந்து திருப்பிச் சொல்கிறது. ஆக, டாஷ்போர்டு என்பது வட்ட வட்டமான வதந்திகளைப் பதித்துவைத்த ஒரு பலகை.

இதை உலகுக்கு அறிவித்திருக்க வேண்டியவர் கோயம்புத்தூர் ரஞ்சிதம். அவர் அறிவிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

ரஞ்சிதம் இன்ஜினியரிங் படித்தவர். பழைய கார்களின் மீட்டர்களைப் பழுது பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் ஒரே ஒரு சீடன். சீடனுக்கு குருவைவிடப் பதின்மூன்று வயது அதிகம், பெயர் குருநாதன். இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. பெற்றவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள்.

குருநாதன் முன்பு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவர். காருக்குப் பின்னால் இருக்கும் எண்கள் அலுத்துப்போய், முன்னால் இருக்கும் எண்களின் மேல் ஆசை வந்து இங்கே சேர்ந்தார். இப்போது தனிக்கடை போடும் ஆசை. சிங்காநல்லூரில் இடம்கூடப் பார்த்துவிட்டார்.

"போடலாங்கண்ணா," என்றார் ரஞ்சிதம். "வெங்கடபதி சாரோட ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு. அதை நீங்களே தனியாப் பாருங்க. நான் தொட மாட்டேன். அவர் முகம் சுளிக்காம வண்டியை எடுத்துட்டுப் போனா, நீங்களும் போலாம்."

"சுளிச்சுட்டா?"

"இன்னொரு வருசம் இருங்க. டீ நல்லாப் போடறீங்க."

வெங்கடபதி ஒரு மில் முதலாளி. அவருடைய கார் இரண்டே இருக்கை உள்ளது, சிவப்பு நிறம், வயதில் அவருக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் பழைய கார்களுக்கான போட்டி. நடுவர்கள் டாஷ்போர்டைக் குனிந்து பார்ப்பார்கள் என்பது வெங்கடபதியின் கவலை. அதில் ஐந்து மீட்டர்கள். நான்கு நன்றாக இருந்தன. இன்ஜின் சூட்டைக் காட்டும் ஐந்தாவது, பிழைக்க வழியில்லாமல் செத்துப்போயிருந்தது.

மாற்று மீட்டர் ஒன்று அகப்பட்டது. அதே மாடல் காரினுடையது, சில வருடம் பிந்தியது. குருநாதன் அதைப் பலகையில் வைத்துப் பார்த்தார். பழைய நான்கின் எண்களும் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தன. புதியது சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. எண்களின் சாய்வு வேறு. நம்பர் பிளேட் எழுதிய கண்ணுக்கு அந்தச் சாய்வு முள்ளாகக் குத்தியது.

வார்னிஷில் மஞ்சள் கலந்து புதியதின் மேல் பூசினார். அது கிழடாகவில்லை, காமாலை வந்ததுபோல் ஆனது. துடைத்துவிட்டார்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. செத்துப்போன மீட்டரின், எண்கள் எழுதிய முகத்தட்டைக் கழற்றினார். புதிய மீட்டரின் முகத்தட்டையும் கழற்றினார். பழைய முகத்தைப் புதிய உடம்பில் பொருத்தினார். முள் ஓய்ந்து நிற்கும் இடம்கூட அச்சாகப் பொருந்தியது. ஐந்தும் ஒரு தாய் பெற்றதுபோல் இருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் குருவை அழைத்துக் காட்டினார்.

"எது புதுசுன்னு சொல்லுங்க பாக்கலாம், அம்மணி."

ரஞ்சிதம் ஐந்தையும் பார்த்தார். "தெரியலீங்கண்ணா."

குருநாதனுக்கு சிங்காநல்லூர் கடையின் ஷட்டர் மேலே போகும் சத்தமே கேட்டது.

"டீக்குத் தண்ணி வைங்க," என்றார் ரஞ்சிதம்.

குருநாதன் அடுப்பில் தண்ணீர் வைத்தார். ரஞ்சிதம் அந்த ஐந்தாவது மீட்டரை அவரையே கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். அதன் முதுகிலிருந்து மெல்லிய செம்புக்குழாய் ஒன்று நீண்டது. நுனியில் சுண்டுவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ். காரில் அது இன்ஜின் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். இப்போது டீப் பாத்திரத்தில் முங்கியது.

இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் முனகியது. பிறகு தளதளவென்று கொதித்தது.

"முள்ளு என்ன சொல்லுதுங்கண்ணா?"

குருநாதன் குனிந்து பார்த்தார். முள் பாதி வழி ஏறி, நட்டநடுவில் நின்றுவிட்டது. சிவப்புக் கோடு வெகுதூரத்தில் இருந்தது.

"நடுவுல நிக்குதுங்க. இன்ஜின் சொகமா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப தண்ணி கொதிக்கலை."

குருநாதன் பாத்திரத்தைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மீண்டும் பாத்திரத்தைப் பார்த்தார்.

"முள்ளுப்படி பார்த்தா... கொதிக்கலீங்க."

"நல்லதாப் போச்சு. அந்தக் குமிழை வெளிய எடுங்க. கையை விட்டே எடுங்க."

குருநாதன் கை பாதி தூரம் போய், திரும்பி வந்து, வேட்டி மடிப்பில் ஒளிந்துகொண்டது.

"ஏனுங்கண்ணா?"

"கொதிக்குதுங்களே!"

"யார் சொன்னாங்க?"

குருநாதன் மீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பினார். அப்போதுதான் புரிந்தது. பழைய முகம் ஓர் அளவுக்கு எழுதப்பட்டது. புதிய உடம்பு வேறோர் அளவுக்குப் பழகியது. வண்டி குளிர்ந்து நிற்கும்போது மட்டுமே அவை ஒத்துப்போயின. அவர் சரிபார்த்ததும் வண்டி குளிர்ந்து நின்றபோதுதான்.

"பழைய முகத்துலயே நம்பரை அழிச்சு, வேற இடத்துல எழுதிடட்டுங்களா? எனக்கு எழுத வரும்."

"வரும். ஒவ்வொரு சூட்டுக்கும் முள்ளு நிக்கற எடம் பார்த்து எழுதணும். காலையில வண்டி போகுது."

"அப்ப புது முகத்தையே மாட்டினா? ஒண்ணு மட்டும் பல்லிளிக்குமேங்க! சார் மூஞ்சி சுளிப்பாருங்க. என் கடை..."

"ஆமாங்கண்ணா."

"இதை இப்படியே மாட்டிட்டா சிரிச்சுட்டே எடுத்துட்டுப் போவாரு."

"ஆமாங்கண்ணா."

"எதை எதோட பொருத்தறதுங்க, அம்மணி? எனக்கு ஒண்ணும் ஓடலை."

ரஞ்சிதம் இடுக்கியால் குமிழை வெளியே எடுத்தார். "இந்தத் தண்ணியக் கீழ கொட்டிட்டு வேற வைங்க. பித்தளை வாசம் வரும்."

குருநாதன் டீ போட்டார். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டார். அதைக் குடித்துவிட்டு ரஞ்சிதம் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இது அனுமதியா, தண்டனையா என்று குருநாதனுக்கு விளங்கவில்லை. பழைய முகத்தை இடது உள்ளங்கையிலும் புதிய முகத்தை வலது உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு, தராசு மாதிரி உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையை நினைத்தபோது ஒரு கை தாழ்ந்தது. சிங்காநல்லூரை நினைத்தபோது மற்றது தாழ்ந்தது.

காலையில் வெங்கடபதி வாசனையாக வந்து இறங்கினார். காருக்குள் ஏறி உட்கார்ந்தார். டாஷ்போர்டைப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"ஏப்பா, என்னய்யா இது? நாலு நோயாளிக்கு நடுவுல டாக்டர் வந்து நிக்கற மாதிரி!"

குருநாதன் காரின் சக்கரத்தைப் பார்த்தபடி, "அது சூடு காட்டறதுங்க," என்றார்.

"எல்லாந்தான் என்னமோ காட்டுது. ஒரே மாதிரி ஒண்ணு கெடைக்கலயா?"

"ஒரே மாதிரி செஞ்சேனுங்க. கழட்டிட்டேன்."

"கழட்டிட்டியா! யாராவது கழட்டுவாங்களா?"

குருநாதன் மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார். அது அவருக்கும் இரவெல்லாம் இருந்த சந்தேகம்தான்.

வெங்கடபதி ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? வேற எதைப் பார்க்கலாம்னு நெனச்சாலும் கண்ணு அதுலயே போய் நிக்குதும்மா!"

"நிக்கட்டுங்க," என்றார் ரஞ்சிதம்.

வெங்கடபதி அவரைப் பார்த்தார். குருநாதனைப் பார்த்தார். இருவரில் யாரைத் திட்டுவது என்று தீர்மானிக்க முடியாமல் இன்ஜினைக் கிளப்பினார். கார் உறுமிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

"மூஞ்சி சுளிச்சுட்டாருங்களே," என்றார் குருநாதன்.

"சுளிச்சாரு."

"ஆனா வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"போயிட்டாரு."

"அப்ப நான் பாஸுங்களா, பெயிலுங்களா?"

ரஞ்சிதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடைக்கு ஷட்டர் போட்டாச்சுங்களாண்ணா? எண்ணெய் விடச் சொல்லுங்க. புது ஷட்டர் இறுகும்."

குருநாதன் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டையூசி வளைவில், அந்தப் பளிச்சென்ற மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதைப் பார்த்து வெங்கடபதி காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, குரங்குகளோடு முக்கால் மணி நேரம் நின்றிருந்தார். அவர் ஊட்டி போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்து நாற்காலிகளை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.