பெரிய மனுஷனைக் கண்டுபிடித்த லென்ஸ்

மில் முதலாளி தணிகாசலத்தின் மணிவிழாவை வீடியோ எடுக்கப் பரிமளா பயந்துகொண்டே வந்திருந்தாள். போன வருஷம் தன் முகம் மங்கலாக விழுந்ததற்காக ஒருவரின் கேமராவையே கிணற்றில் வீசிய மனிதர் அவர்.

அவள் கேமராவில் அடாப்டர் வளையத்தை வைத்து, கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸைப் பொருத்துவதை அவர் பார்த்துவிட்டார்.

"அதைக் கழட்டு. நான் வாங்கின ஆட்டோஃபோகஸ் லென்ஸைப் போடு. பெரிய மனுஷன் யாருன்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். என் முகம் மங்கிச்சுன்னா கிணறு தெரியுமில்ல?"

மறுத்தாலும் ஆபத்து, மாட்டினாலும் ஆபத்து. அவள் புது லென்ஸையே மாட்டினாள்.

"சரிங்க ஐயா. ஒருதடவை சோதிச்சுப் பார்த்துடலாம். டிரைவர் அண்ணன் மாலையோட உங்க முன்னால நடந்து வரட்டும்."

டிரைவர் கோவிந்தன் குறுக்கே வந்து கேமராவைத் திரும்பிப் பார்த்தார். மண்டபத்துத் திரையில் அவருடைய மீசை முடி முடியாகத் தெரிந்தது. பின்னால் முதலாளி புகையாகக் கரைந்துபோனார். சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

"என்ன இது?" என்று உறுமினார் தணிகாசலம்.

"முன்னால யார் வந்தாலும் இதுக்கு அவங்கதான் பெரிய மனுஷன், ஐயா," என்றாள் பரிமளா மெல்ல. "பழைய லென்ஸ் நான் காட்டுற ஆளை மட்டும்தான் பார்க்கும். இன்னைக்கு மாலை போட நானூறு பேர் வர்றாங்க."

தணிகாசலம் திரையையே வெறித்தார். பிறகு புது லென்ஸைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்து மூடினார்.

"பழசையே மாட்டு," என்றார். "கோவிந்தா, நீ போய் வண்டிகிட்ட நில்லு."