கேமராவைப் பார்க்காத மணப்பெண்கள்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில், பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது இருவருக்கும் வேலை.

சீடர் சங்கரபாண்டியன் முப்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். அந்தக் கேசட்டுகளெல்லாம் அவர் எடுத்தவைதான். மென்பொருளைச் சொல்லித் தந்தவர் ஜெசிந்தா. அதனால் அவர் டீச்சர். டீச்சருக்கு இவர் அண்ணாச்சி.

ஒவ்வொரு வீடியோவுக்கும் ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். தேதி, இடம், நிகழ்ச்சி, இருப்பவர்கள், குறை.

"கட்டத்தக் காலியா விட்டா, வீடியோ இருந்தும் இல்லாத மாதிரிதான் அண்ணாச்சி. தேடினா வராது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் டீச்சர்.

சங்கரபாண்டியன் சம்பளத்துக்காக வரவில்லை. மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் ஆண்பிள்ளை தனியாகப் போக முடியாது என்று, லைட் பிடிக்க மனைவி ஆவுடை எப்போதும் கூட வருவாள். அவள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. ஊர்க் கல்யாணத்தையெல்லாம் எடுத்த மனிதர், வீட்டுக்காரியை ஒரு நிமிஷம்கூட எடுத்து வைக்கவில்லை. ஓரத்தில், ஏதாவது ஒரு கண்ணாடியிலாவது விழுந்திருப்பாள் என்று தேடித்தான் வந்தார். குரலாவது கிடைக்குமா என்றால், எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிய புண்ணியவானும் அவரேதான்.

கடைசிக் கேசட்டும் முடிந்தது.

"எல்லாம் பாத்தாச்சு டீச்சர். ஆவுடைன்னு தேடினேன். ஒண்ணுமில்லன்னு வருது. நான் எழுதியிருந்தாத்தான வரும்?"

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"நாளைலேருந்து நான் வரல. குறைன்னு எழுதின வீடியோவையெல்லாம் அழிச்சிரலாமா? இடமாவது மிச்சமாகும்."

"அழிக்கதுக்கு முன்ன ஒருதடவ பாத்துருவோம். எந்தக் குறைய அதிகமா எழுதிருக்கீங்க?"

"மணப்பெண் கேமராவைப் பார்க்கவில்லைன்னுதான். அலங்கார ரூம்ல ஒருத்தியும் சொன்ன பேச்சு கேக்க மாட்டா."

டீச்சர் அந்த வரியையே தேடும் இடத்தில் அடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்களாக மணப்பெண்கள். சடைநாகம் வைத்தவள், வியர்வையில் பவுடர் கலைந்தவள், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி மாட்டியிருந்தவள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள், கேமராவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆவுடை அக்கா எந்தப் பக்கம் நிப்பாங்க அண்ணாச்சி?"

"எனக்கு இடப்பக்கம். லைட்ட ஒசத்திப் பிடிச்சிக்கிட்டு. அழுமூஞ்சியா இருக்க பிள்ளைகிட்ட எதையாவது சொல்லி..."

சங்கரபாண்டியன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, கடைசி வரை பார்த்தார்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு முதல் வீடியோவைத் திறந்தார். கட்டங்கள் வந்து நின்றன.

"படத்துல இல்லாதவ பேர எதுல எழுத, டீச்சர்?"

"இருப்பவர்கள்ல எழுதுங்க அண்ணாச்சி."