கடலுக்குப் போகும் லேப்டாப்

தொம்மை கடலுக்கு வந்தபோது அவருக்கு ஐம்பதை எட்டும் வயது. அதுவரை மீன் லாரி ஓட்டியவர். முதலாளி லாரியை விற்றதும், தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ரெமிஜியுஸின் படகில் ஏறிவிட்டார். ரெமிஜியுஸ் சிராங்கு, படகைச் செலுத்துபவர். தொம்மையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் கடல் வேலையில் தொம்மை அவருக்குச் சீடர்.

ரெமிஜியுஸ் அதிகம் பேசமாட்டார். முதல் பயணத்தில், "காத்து மாறுறது எப்படித் தெரியும்?" என்று தொம்மை கேட்டார். ரெமிஜியுஸ் தொம்மையின் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, காற்றில் பறக்கும்படி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் பாடம்.

ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். கரையை விட்ட கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். அந்தக் கடைசி நிமிடங்களில் எல்லோரும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீட்டாரிடம் கத்துவார்கள். தொம்மை கத்தமாட்டார். அவர் மனைவி தெக்லாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய் பேச வராது. கல்யாணமான புதிதில் அவளுடைய கைப்பேச்சை அவர் கற்றுக்கொண்டார். இப்போது கனவில்கூட அவருக்குக் கையால்தான் பேச்சு.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் தெக்லா தன் போனை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோ எடுப்பாள். கடலில் இருக்கும் நாளுக்கு ஒன்று. எல்லாம் ஒரே மதியத்தில் எடுப்பதுதான். ஆனாலும் இருக்கிற சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வாள். 'இன்றைக்குச் சரியான மழை, துணி காயவேயில்லை' என்று கைகள் சொல்லும். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் கொளுத்தும். தொம்மை சிரித்துக்கொள்வார். சாயந்திரத்துக்கு ஒன்றுதான் பார்ப்பார். எவ்வளவு ஆசை வந்தாலும் மறுநாளுக்குரியதைத் தொடமாட்டார்.

அதற்காகத்தான் லேப்டாப். அவரிடம் இருந்தது பட்டன் போன். மீன் அள்ளும் ஈரக் கைக்கு அதுதான் தாங்கும்.

முதல் லேப்டாப் உப்புக் காற்றில் போயிற்று. இரண்டாவது எஞ்சினின் அதிர்வில். அது நின்றுபோன சாயந்திரம், திரையில் தெக்லா ஏதோ சொல்ல வலது கையை நெஞ்சருகே கொண்டுவந்தாள். திரை கறுத்துவிட்டது. அதன்பின் எழவேயில்லை.

நெஞ்சருகே எழும் கை பல சொற்களுக்குத் தொடக்கம். பசிக்கிறது என்பதும் அப்படித்தான் தொடங்கும். பயமாயிருக்கிறது என்பதும் அப்படித்தான். நீ இல்லாமல் என்பதும். மிச்சப் பயணம் முழுக்க, தூண்டிலை இறக்கும்போதும் இழுக்கும்போதும் தொம்மை அந்தச் சொல்லையே தேடிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்த உடனே கேட்டார். தெக்லா யோசித்துப் பார்த்தாள். போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்திருந்தாள். என்ன சொன்னேனோ, மறந்துவிட்டது என்று கையை விரித்தாள்.

தொம்மை ரெமிஜியுஸிடம் போனார்.

"சிராங்கு, கெடாத லேப்டாப் ஒண்ணு பாத்துத் தரணும்."

"கடல்ல கெடாததுன்னு ஒண்ணும் கிடையாது அண்ணே."

"சரி, லேசுல கெடாதது."

"அது இருக்கும். வாங்க."

மார்த்தாண்டத்தில் ஷெர்லி என்ற பெண் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்றுவந்தாள். இருவரும் பைக்கில் அங்கே போனார்கள்.

அவள் முதலில் காட்டியது தகடுபோல மெலிந்தது. ரெமிஜியுஸ் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்ததன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?"

"உள்ள ஃபேன் இருக்கு. சூடு வெளிய போகணும்லா?"

"சூடு போகும். உப்பு உள்ள வரும்."

மூன்றாவதில் ஒரு படத்தை ஓடவிட்டு, வாசலில் நின்ற பைக்கின் சீட்டில் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினார். ஷெர்லி பதறியடித்து ஓடிவந்தாள். படம் திக்கித் திக்கி நின்றது.

"இதைக் கொண்டு எங்க போறீங்க, சண்டைக்கா?"

"கடலுக்குப் போற போட்டுக்கு."

"அதை முதல்லயே சொல்லப்படாதா?"

அவள் உள்ளே போய், செங்கல்போலக் கனத்த இரண்டைக் கொண்டுவந்தாள். ஏதோ கம்பெனிக்காரர்கள் காட்டிலும் மேட்டிலும் சர்வே எடுக்க வைத்திருந்தவை. ஃபேன் கிடையாது. அதிர்வில் கெட, உள்ளே சுற்றும் தட்டும் கிடையாது. படகு பேட்டரியிலேயே சார்ஜ் ஏற்றலாம். வெயிலில் இரண்டிலும் படம் தெளிவாகத் தெரிந்தது. பைக் சீட்டில் வைத்தபோதும் நிற்காமல் ஓடியது.

"இது புதுசு மாதிரி. காமிரா மட்டும் செத்துப்போச்சு. இன்னொண்ணுல காமிரா உட்பட எல்லாம் வேலை செய்யும். ஆனா வயசாயிட்டு. சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கீபோர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சிட்டு" என்றாள் ஷெர்லி.

தொம்மை யோசிக்கவே இல்லை. புதிதுபோல இருந்ததை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது போதும். இது பாதியில நிக்காது."

ரெமிஜியுஸ் மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல காமிரா இல்லையே அண்ணே."

"காமிரா எனக்கு என்னத்துக்கு? அவ பேசுவா, நான் பாப்பேன்."

"நீங்க பேசுறது?"

"நான் அங்க இருந்து பேசி எப்படிப் போய்ச் சேரும்? சிக்னலா இருக்கு?"

"கரைக்குத் திரும்புற போட்டு நம்மளத் தாண்டி எத்தனை போகுது. காய்ச்சல்காரனையே ஏத்தி அனுப்புறோம். நீங்க பேசுறதைப் பிடிச்சுப் போட்ட பென்டிரைவ் என்ன, கனமா?"

தொம்மைக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

"அவ கேட்டதில்லையே சிராங்கு."

ரெமிஜியுஸ் மற்றதன் மூடியைத் திறந்துவைத்தார். தொம்மையே மேலும் பேசினார்.

"நான் போன பிறகு அவ பாட்டுக்கு இருப்பா. சாயந்திரமானா கடலோரத்துல ஒரு பாறாங்கல்லுல வந்து உக்காந்துக்கிடுவாளாம். இருட்டுற வரைக்கும் கடலையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க."

"பதில் பேசக் கடலுக்குக் கை உண்டா அண்ணே?"

தொம்மை அணைத்திருந்ததை மெல்ல மேசையில் வைத்தார்.

"எதைப் பொதிய?" என்று கேட்டாள் ஷெர்லி.

காமிரா உள்ள, எழுத்து அழிந்த மற்றதைத் தொம்மை கையால் காட்டினார்.